பருத்தி எரியாது, பி.வி.சி. பற்றாது

நம்பிக்கை: பருத்தியைத் தீ தொடாது, பாலியெஸ்டர்தான் பொறி பட்டதும் பற்றும்.

உண்மை: சிவகாசி, சாத்தூர் வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில் மருந்து கலக்கும் அறைக்குப் போகிறவர்கள் பருத்தி ஆடையே உடுத்த வேண்டுமென்று வற்புறுத்தப்படுவதைக் கேட்டுக் கேட்டு, பருத்தி தீயை எதிர்க்கும் என்றதோர் அபிப்பிராயம் ஜனங்களின் மனத்தில் ஊறிவிட்டது. விதி சரியானது, அதற்குக் கற்பித்துக்கொண்ட காரணமே பிழையானது.

1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஃபெனிமோர், மார்ட்டின் என்னும் இருவர் வகுத்த பரீட்சையொன்று உண்டு. ஒரு பொருளின் துண்டைக் கண்ணாடிக் குழாயினுள் மெழுகுவர்த்திபோல் நிறுத்தி, பிராணவாயுவும் நைட்ரஜனும் கலந்த வாயுவைக் கீழிருந்து மெல்லச் செலுத்தி, உச்சியில் தீயிட்டு, பிராணவாயுவின் விகிதத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தால், தீ அணையாது நிற்பதற்கு வேண்டிய மிகக் குறைந்த விகிதம் புலப்படும். அதுவே அப்பொருளின் ஆக்சிஜன் குறியெண். நாம் சுவாசிக்கும் காற்றில் பிராணவாயு ஏறக்குறைய 21 சதவீதம். பாலிதீனின் குறியெண் 17 அல்லது 18. பருத்திக்கும் 18 அளவுதான். பாலியெஸ்டருக்கோ 20, 21. ஆகவே, எளிதில் எரிவது பருத்தியே.

பின் ஏன் பருத்தி? தீப்பெட்டியும் பட்டாசும் உலர்வதற்கு உதவி இத்தொழிலை இங்கே வேரூன்றச் செய்த அதே வறண்ட காற்றில், பாலியெஸ்டர் உராய்ந்து மின்னூட்டத்தைச் சேர்த்துக்கொள்கிறது. அதிலிருந்து எழும், கண்ணுக்குத் தெரியாத சிறு பொறி ஒன்றே மருந்துக்குப் போதும். அன்றியும், பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்வதால் புண் ஆழமாகிறது. இவ்விரண்டுக்காகவே பருத்தி, தீப்பற்றாதென்று நம்பி முந்தானையைத் தொங்கவிடுவதற்காக அன்று. இதை அவ்வாலைகளில் வேலை செய்யும் தாய்மார்களுக்கு யாரேனும் எடுத்துச் சொல்லியாக வேண்டும்.

நம்பிக்கை: பி.வி.சி. தீப்பற்றாது.

உண்மை: விறைப்பான பி.வி.சி.யின் குறியெண் 45 அளவில் இருப்பதால், சுடரை விலக்கியதும் அது காற்றில் அணைந்துவிடுவது மெய்யே. ஆனால் மின்கம்பியின் உறைபோல் மென்மையாக்கப்பட்ட பி.வி.சி.க்கு அந்த எண் வெகுவாகக் குறைகிறது. எரியும்போது எழும் ஹைட்ரஜன் குளோரைடு புகையோ மூச்சை அடைக்கும். இவற்றையெல்லாம்விட முக்கியமான விஷயம், அந்த எண் காற்றுக்கு உரியது என்பதே. வண்ணப் பட்டாசின் மருந்திலுள்ள நைட்ரேட் பிராணவாயுவைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. பேரியத்தின் பச்சையும் ஸ்ட்ரான்ஷியத்தின் சிவப்பும் துலங்குவதற்குக் குளோரின் வேண்டியிருப்பதால் சேர்க்கப்படும் பி.வி.சி. தூள், காற்றில் எரிய மறுத்த அதே பதார்த்தமாயிருந்தும், அம்மருந்தினுள்ளே ஒரு நொடியில் எரிந்து தீர்ந்துவிடுகிறது.