கண்ணாடிப் பேழைக்குள் எப்போதும் பத்து பத்து

சம்பளம் வாங்கிய கையோடு ரந்தாவ், லாபு, பகாவ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சிரம்பானுக்குப் பேருந்து ஏறும் நம்மவர்களில் பலர், கடிகாரக் கடையின் கண்ணாடிப் பேழை முன் சற்று நேரம் நின்று பார்ப்பது வழக்கம். அடுத்த முறை அவ்வாறு நிற்கும்போது விலைச்சீட்டை விடுத்து முட்களைக் கவனியுங்கள். சின்ன முள் பத்தை ஒட்டியும் பெரிய முள் இரண்டை ஒட்டியும் நிற்கும். பக்கத்துக் கடிகாரத்திலும் அதே நேரம். நாளேட்டு விளம்பரத்திலும் அதே நேரம். காலையில் போனாலும் மாலையில் போனாலும் அங்கே மணி ஏறத்தாழ பத்து பத்துதான்.

இது தற்செயலன்று. கடிகாரத்தின் முகப்பில் பன்னிரண்டுக்குச் சற்றுக் கீழே நிறுவனத்தின் பெயர் இருக்கும். பத்து பத்தில் இரு முட்களும் அப்பெயரை மறைக்காமல், இரு கைகளை உயர்த்தி ஏந்தியவை போல இருபுறமும் நிற்கின்றன. மூன்றாம் எண்ணின் இடத்தில் பெரும்பாலும் தேதி காட்டும் சிறு சாளரம் உண்டு, அதுவும் மறைவதில்லை. முட்கள் இரண்டும் நடுக்கோட்டிலிருந்து சரிசமமாக விலகி நிற்கும் நேரத்தைக் கணக்கிட்டால் 10 மணி 9 நிமிடம் 14 விநாடி என்று வரும். ஆகவேதான் ஜப்பானிய நிறுவனமான சீக்கோ 10:08ஐயும், அமெரிக்காவின் டைமெக்ஸ் 10:09ஐயும் தேர்ந்துகொண்டன. விநாடி முள்ளை முப்பத்தைந்துக்கு அருகே வைத்துவிட்டால் அதுவும் கீழே ஒதுங்கிக்கொள்ளும்.

இதைக் குறித்து ஒரு கதையும் உலவுகிறது. அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன் உயிர் நீத்த நேரம் அது என்பார்கள். 1865 ஏப்ரல் 14 இரவு பத்து மணிக்குமேல் அவர் சுடப்பட்டது உண்மையே. ஆனால் உயிர் பிரிந்தது மறுநாள் காலை 7:22க்கு. மேலும், 1920களின் விளம்பரங்களில் பல கடிகாரங்கள் 8:20ஐக் காட்டின. அந்நேரத்திலும் முட்கள் சமமாகவே நிற்கும். ஆனால் இரண்டும் கீழ்நோக்கித் தொங்குவதால், முகம் வாடியவரைப் பார்ப்பது போலிருக்கும். பத்து பத்தோ புன்னகை பூத்த முகம். விற்பவர்கள் எந்த முகத்தை விரும்புவார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பத்து பத்தில் நிற்கும் கடிகாரங்களைக் கண்டோரிடம் இன்ப உணர்வும் வாங்கும் விருப்பமும் கூடியதாகவும், 8:20இல் அத்தகைய விளைவு இல்லை என்றும் கூறியுள்ளனர். ஆசிய நாடுகளும் இதற்கு விலக்கல்ல. தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் டாடா நிறுவனமும் இணைந்து 1984இல் தொடங்கிய டைட்டனின் ஓசூர்க் கடிகாரங்களும் விளம்பரங்களில் இதே பாவனையில்தான் காட்சி தருகின்றன.

முட்களை இவ்வாறு நிறுத்தி வைப்பது எளிது. பக்கத்திலுள்ள திருகை வெளியே இழுத்துவிட்டால் பெரும்பாலான கடிகாரங்கள் நின்றுவிடும். பேட்டரிக் கடிகாரமாயின், திருகு உள்ளே போகாதபடி ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டைச் செருகிவைப்பார்கள், பேட்டரியும் வீணாகாது. வார் சரிந்துவிடாமல் உள்ளே ஒரு வளையமோ சிறு தலையணையோ கொடுத்து, முகப்பு நம்மை நோக்கும்படி சாய்த்து, மேலிருந்து விளக்கு பாய்ச்சினால் நூறு வெள்ளிக் கடிகாரமும் ஆயிரம் வெள்ளிக்குரியதாய் மின்னும்.

நமக்குத் தெரிந்த பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர், மகளின் திருமணத்தில் மாப்பிள்ளைக்கு அணிவிக்க இவ்வாறு ஒரு கடிகாரம் வாங்கினார். ஒட்டுப்பால் காசையும் சேர்த்து வைத்து வாங்கியது. கடையில் கண்ட அழகில் மயங்கிப் பெட்டியோடு கொண்டு வந்துவிட்டார். முகூர்த்தம் பத்தரைக்குள். மாப்பிள்ளையின் கையில் கடிகாரத்தைக் கட்டியபோது அது காட்டிய நேரமும் ஏறக்குறையச் சரியாகவே இருந்ததால் யாருக்கும் ஐயம் எழவில்லை. பந்தியில் இரண்டாம் முறை பாயசம் வந்தபோதும் மணி பத்து பத்தாகவே இருந்தது. சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். பெண்ணைப் பெற்றவர் தலைகுனிந்து நின்றார். மாப்பிள்ளையின் தாய்மாமன் வாங்கிப் பார்த்து, திருகின் அடியிலிருந்த பிளாஸ்டிக் துண்டை உருவித் திருகை அழுத்தினார். கடிகாரம் ஓடிற்று. குற்றம் கடிகாரத்தினுடையதன்று. எனினும் அந்த அரை மணி நேரத்தை அவர் இன்றளவும் மறக்கவில்லை.

உண்மையில் பத்து பத்து என்பது பால் வெட்டுவோர்க்கு ஓய்வான நேரமன்று. வெயில் ஏறுமுன் நிரைகளை வெட்டி முடித்து, மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றிக் காண்டாவில் சுமந்து ஸ்டோருக்கு நடக்கும் வேளை அது. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டபோது எல்லாக் கடிகாரங்களையும் திருகித் திருத்தினார்கள். கதிரவன் மட்டும் இசையவில்லை. அதனால் காலைப் பெரட்டில் கடிகாரப்படி நிற்க வேண்டியவர்களுக்கு இருட்டுத்தான் கூடிற்று. பேழைக்குள் இருந்தவையோ அன்றும் பத்து பத்திலேயே நின்றிருக்கும்!

வாங்க எண்ணுவோர் கடிகாரத்தைப் பேழையிலிருந்து வெளியே எடுத்துத் தரச் சொல்லலாம். அதில் கூச்சம் தேவையில்லை. திருகை உள்ளே தள்ளி, கைப்பேசியின் நேரத்தோடு பொருத்தி, விநாடி முள் தயங்காமல் செல்கிறதா என்று சில நிமிடம் பாருங்கள். முட்களைச் சுற்றிப் பன்னிரண்டைக் கடக்கச் செய்யுங்கள். தேதி இரண்டு சுற்றுக்கு ஒரு முறை மாற வேண்டும். உத்தரவாதச் சீட்டில் கடை முத்திரையும் வாங்கிய நாளும் உள்ளனவா என்றும் காண்பது நலம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றத்திற்குச் செல்ல நேர்ந்தால் இரசீது கைகொடுக்கும். அங்கே வழக்கறிஞர் தேவையில்லை.

மனத்துக்குப் பிடிக்கவில்லையெனில் திருப்பிக் கொடுத்துவிடலாம். கடைக்காரர் அதை வாங்கித் துடைத்து, திருகை இழுத்து, முட்களை மறுபடியும் பத்து பத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திய பின்னரே பேழையை மூடுவார்.