இல்லாத தீவை அளக்க வருகிற பிள்ளைகளுக்கு

விளையாட்டு உலகம் ஒன்றுக்கு வரைபடம் போட ஜிஐஎஸ் மென்பொருள் எதற்கு, படம் கீறுகிற மென்பொருள் போதாதா என்று வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். சுவரில் மாட்ட ஒரு படம் மட்டும் வேண்டுமென்றால் போதும். இந்தத் துறையிலிருந்து அந்தக் கோட்டைக்கு எவ்வளவு தூரம், வழியில் எத்தனை ஊர், பழைய அரசன் செத்தபின் எல்லை எங்கே நகர்ந்தது என்றெல்லாம் கேட்டால் படம் வாய் திறக்காது. கியூஜிஐஎஸ் என்ற ஜிஐஎஸ் மென்பொருள் பதில் சொல்லும், காசும் கேட்காது. நில அளவைத் தொழிலில் சங்கிலி பிடித்துக் கிழவனானவன் என்ற உரிமையில் சில விஷயங்களைச் சொல்லிவைக்கிறேன்.

1. கோடு போடுவதற்கு முன் உங்கள் உலகம் தட்டையா உருண்டையா என்று முடிவெடுங்கள். கியூஜிஐஎஸ்ஸில் புதுத் திட்டம் திறந்தால் அது வழக்கமாக ஈபிஎஸ்ஜி 4326இல் நிற்கும். அதாவது நீங்கள் கேளாமலே இந்தப் பூமியின் அகலாங்கு நெட்டாங்கு உங்கள் கற்பனைக்குள் வந்துவிட்டது. நயினாதீவு இருக்கும் அகலாங்கில் ஒரு பாகை நெட்டாங்கு ஏறத்தாழ 110 கிலோமீற்றர். 60ஆம் அகலாங்கில் அது 56 தான். உங்கள் பனிநாட்டை வடக்கே வைத்துவிட்டு அது ஏன் திரையில் இப்படிப் பரந்து கிடக்கிறது என்று பிறகு யோசிப்பதில் பயனில்லை. தட்டை உலகமென்றால் ஆள்கூற்று முறைமை எதுவும் வேண்டாம் என்ற தெரிவு இருக்கிறது, அதை எடுங்கள். உருண்டையென்றால் உங்கள் கோளின் ஆரையைக் கொடுத்துச் சொந்த முறைமை ஒன்றை உருவாக்குங்கள். பூமிக்கு 6371 கிலோமீற்றர், சந்திரனுக்கு 1737. உங்கள் கோளுக்கு எவ்வளவு என்பது உங்கள் பொறுப்பு.

2. வடக்கு எந்தப் பக்கம் என்று விளையாட்டையே கேளுங்கள். மைன்கிராஃப்டில் எக்ஸ் கிழக்கே கூடும், இசட் தெற்கே கூடும், வை என்பது உயரம். அங்கே குறித்த எண்களை அப்படியே கியூஜிஐஎஸ்ஸில் ஏற்றினால் உலகம் தலைகீழாக விழும். சிஎஸ்வி கோப்பில் இன்னொரு நிரல் சேர்த்து, இசட்டைக் கழித்தல் குறியோடு எழுதி, அதையே வடக்கு எண்ணாகக் கொடுங்கள். மைன்கிராஃப்டில் ஒரு கட்டி ஒரு மீற்றர் என்பதால் அளவுத்திட்டச் சிக்கல் இல்லை. இணையத்தில் போட லீஃப்லெட் பாவிப்பவர்கள் அதிலுள்ள சிஆர்எஸ் சிம்பிள் என்ற ஏற்பாட்டைப் பாருங்கள். அதன் பாடத்தில் உதாரணமாக வருவதே ஸ்டார் கன்ட்ரோல் 2 என்ற பழைய விளையாட்டின் விண்மீன் படம்தான். லீஃப்லெட்டில் மேல்கீழ் எண் முதலிலும் பக்கவாட்டு எண் பிறகும் வரும். மாற்றி எழுதினால் கப்பல் கரையில் ஏறிவிடும்.

3. கதை சொல்லும் தூரத்தை நம்புங்கள், ஆனால் அளந்து பாருங்கள். இதற்கு எங்கள் வாசலிலேயே ஒரு பயிற்சி கிடக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தில் மணிமேகலா தெய்வம் புகாரிலிருந்து 30 யோசனை (பழைய தூர அளவு) தெற்கே மணிபல்லவத்துக்கு நாயகி மணிமேகலையைக் கொண்டுபோய் வைக்கிறது. மணிபல்லவம் நயினாதீவே என்பவர் பலர். குடாநாடு முழுவதையும் சொன்னவர்களும் உண்டு. வாதத்தை விடுங்கள், அளவுகோலை எடுங்கள்.

பூம்புகாரில் ஒரு புள்ளி, நயினாதீவில் ஒரு புள்ளி. நேர்கோட்டில் ஏறத்தாழ 171 கிலோமீற்றர். திசை கிட்டத்தட்டச் சுத்தத் தெற்கு. புலவருக்கு அதில் முழுப் புள்ளி. 30ஆல் வகுத்தால் ஒரு யோசனைக்கு 5.7 கிலோமீற்றர் வருகிறது. யோசனையை 12, 13 கிலோமீற்றராகக் கொள்வோர் கணக்கில் போனால் 375 கிலோமீற்றர். அதே திசையில் இழுத்துப் பாருங்கள், புத்தளத்துக்கும் சிலாபத்துக்கும் இடையிலுள்ள கரையில் போய் நிற்பீர்கள். ஆகவே ஒன்றில் யோசனை சிறியது, அல்லது தீவு வேறு, அல்லது 30 என்பது ‘வெகுதூரம்’ என்பதற்கான காவிய எண். மூன்றையும் வரைபடத்தில் மூன்று படையாக (லேயராக) போட்டு வையுங்கள். ஒன்றைத் தெரிவுசெய்துகொண்டு மற்ற இரண்டையும் அழிப்பது அளவையாளனின் வேலையல்ல. உங்கள் விளையாட்டில் வருகிற கிழவி ‘மூன்று நாள் நடை’ என்றாலும் இதே முறைதான்.

4. ஒவ்வொரு புள்ளிக்கும் ‘மூலம்’ என்றொரு நிரல், ‘உறுதி’ என்றொரு நிரல். விளையாட்டுத் திரையில் கண்டது 1, பாத்திரம் வாயால் சொன்னது 2, நான் ஊகித்தது 3. சோம்பல் வேண்டாம், ஆறு மாதம் கழிந்தால் எது எதுவென்று உங்களுக்கே தெரியாது.

5. தீவான் தூரத்தை மைலில் சொல்வதில்லை, நேரத்தில் சொல்வான். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குக் கால் மணி, இருபது நிமிடம். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி. அதுவும் கடல் விட்டால். சோளகம் தூக்கி அடிக்கிற நாளில் அந்த ஒரு மணிக்கு அர்த்தமில்லை. ஆகையால் பாதைப் படையில் ஒரே நேர எண் போடாமல் சோளகத்துக்கு ஒன்று, வாடைக்கு ஒன்று என்று நிரல் பிரியுங்கள். கியூஜிஐஎஸ்ஸின் வழி தேடும் கருவி நேரத்தைக் கேட்காது, வேக நிரலைத்தான் கேட்கும்; தூரத்தை அந்தந்த நேரத்தால் வகுத்து வேகமாக்கிக் கொடுங்கள்.

ஆழத்தையும் மறக்காதீர்கள். எங்கள் தீவுகளுக்கு நடுவிலுள்ள கடல் பல இடங்களில் ஆழமே இல்லாதது. பெரிய கலம் ஓட வாய்க்கால் வேண்டும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடைப்பட்ட நீரில் கடற்கோட்டை நட்டநடுவே நிற்பது அழகுக்காகவா? யாழ்ப்பாணக் கடனீரேரிக்குள் போகிறவன் அதன் பீரங்கிக்கு முன்னால்தான் போகவேண்டியிருந்தது. கற்பனை வரைபடங்களில் மலை உச்சியில் கோட்டை குவிந்துகிடப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அங்கே யாரை மறிக்கப் போகிறார்கள்?

6. எல்லை கீறினால் அதற்குள் செல்லும் சட்டத்தையும் எழுதுங்கள். நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, 12ஆம் நூற்றாண்டு. பிறநாட்டார் ஊராத்துறையில் வந்திறங்க வேண்டும், அவர்களுக்குக் காப்பு உண்டு என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு; வணிகச் சரக்குக் கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி. ஊராத்துறை இன்றைய ஊர்காவற்றுறை. அந்த அரசனுக்கு எந்தச் சரக்கு வேண்டியிருந்தது என்று பங்குக் கணக்கே காட்டிக்கொடுக்கிறது பாருங்கள். உங்கள் துறைமுகப் படையில் ‘வரி’, ‘உடைந்த கலத்தின் பங்கு’ என்று இரண்டு நிரல் சேர்த்தால், எந்தக் கொள்ளைக்காரன் எந்தக் கரையில் விளக்கேற்றி ஏமாற்றுவான் என்பது தானாக வந்து விழும். கதை எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்.

7. ஒரே இடத்துக்குப் பல பெயர். ஒல்லாந்தர் வந்து வேலணைத் தீவுக்கு லைடன், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க், காரைநகரான காரைதீவுக்கு அம்ஸ்ரடாம், அனலைதீவுக்கு ரொட்டர்டாம், நயினாதீவுக்கு ஹார்லெம் என்று தங்கள் ஊர்ப் பெயர்களை ஒட்டிவிட்டுப் போனார்கள். நெடுந்தீவுக்கு ஒட்டிய டெல்ஃப்ட் மட்டும் இன்னும் உதிரவில்லை. உங்கள் உலகத்திலும் படையெடுத்தவன் பெயர் வைப்பான், உள்ளூரான் பழையதையே சொல்வான். பெயருக்குத் தனி அட்டவணை: பெயர், யார் சொல்வது, எப்போதிலிருந்து, எப்போதுவரை.

8. காலம் சார்ந்த பொருள்களுக்குக் காலநிரல் வையுங்கள். மணிமேகலைக் காப்பியத்துக் கோமுகிப் பொய்கையில் அமுதசுரபி என்ற பாத்திரம் வைகாசிப் பூரணையில்தான் மேலே வரும். மற்ற நாளில் அது வெறும் குளம். கியூஜிஐஎஸ் 3.14இலிருந்து காலக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறது.

9. ஷேப்ஃபைலை விட்டுவிடுங்கள். அதன் நிரல் பெயருக்கு 10 பைட்டுதான் இடம். யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்துக் குறி ஒன்று 3 பைட்டு. ‘நெடுந்தீவு’ என்று தலைப்பு வைத்தால் ‘நெடு’வைக்கூட முழுதாக விழுங்காது. ஜியோபேக்கேஜ் கோப்பில் இந்தத் தொல்லை இல்லை.

10. பரப்பளவை உங்கள் உலகத்து மனிதர் பேசும் அளவில் காட்டுங்கள். எங்களுக்கு 16 பரப்பு ஓர் ஏக்கர். சதுர மீற்றரை 253ஆல் வகுத்தால் பரப்பு வந்துவிடும். நிரல் கணிப்பானில் ஒரே வரி.

11. இது கண்டிப்பு. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கற்பனைத் தீவைப் போடாதீர்கள். நெடுந்தீவிலிருந்து நோயாளியை ஏற்றிவரப் போகிறவன் பார்ப்பதும் அந்தப் படத்தைத்தான். கற்பனை நாடுகளைக் கூட்டாக வரைவதற்கென்றே ஓபன்ஜியோஃபிக்ஷன் என்ற உலகம் அதே மென்பொருளில் இயங்குகிறது, அங்கே போங்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் கரையோரத்தை எடுத்து உங்கள் உலகத்துக்குப் பாவித்தால், எடுத்தது அங்கிருந்து என்று படத்தின் ஓரத்தில் எழுதுங்கள். உரிமம் அப்படித்தான் சொல்கிறது.

எங்கள் கடலை அப்படியே எடுத்துச் சண்டை விளையாட்டுக்குக் களமாக்க நினைக்கிறவர்களுக்கும் ஒரு சொல். 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் இருந்தவர்களில் பலர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்களின் உறவுகள் இன்றும் அதே பாதையில் போய் வருகிறார்கள். கரையின் வடிவத்தை எடுங்கள். அந்தப் பாதையில் படகை மறித்து வெட்டுகிற காட்சியை வைக்காதீர்கள்.

12. கண்டம் கண்டமாகத் தொடங்காதீர்கள். நயினாதீவு அளவில் ஒரு தீவு, ஒரு துறை, ஒரு கோயில், ஒரு குளம், நாலு ஒழுங்கை. அதற்குக் கரை, பாதை, இடம், பெயர் என்று நாலு படை. அதை முடித்து, ஜியோபேக்கேஜ் ஒன்றும் சிஎஸ்வி ஒன்றுமாக இரண்டு வெவ்வேறு இடத்தில் சேமித்துவிட்டு, அடுத்த தீவைத் தொடுங்கள்.