பாடம்: பேச்சு ஏற்றும் விலை, பேச்சு இறக்கும் விலை

கலகெதரப் பக்கம் "மிளகு விலை ஏறப் போகிறது" என்று கதை பரவினால், விற்பவர் மூட்டையைக் கட்டி வைப்பார், யாவாரி முந்துவார். கதையே விலையை ஏற்றிவிடும். ஆனால் கதை பொய்த்தாலும் கையில் மிளகு இருக்கும்; சமையலுக்கு அது வேண்டும்.

பிட்கொயின் போன்ற கிரிப்டோ நாணயத்துக்கு அறுவடையும் இல்லை, வட்டியும் இல்லை. நாளை இன்னொருவர் கூட விலை தருவார் என்ற நம்பிக்கையே அதைத் தாங்குகிறது. ஆகவே செய்தி அதைப் பலமாக ஆட்டும்.

1. 2021 பெப்ரவரியில் டெஸ்லா நிறுவனம் 150 கோடி டொலருக்குப் பிட்கொயின் வாங்கியதாக அறிவித்தது, விலை பாய்ந்தது. மே மாதத்தில் அதன் தலைவர் இலொன் மஸ்க், கார் விற்பனைக்குப் பிட்கொயினை ஏற்பதை நிறுத்துவதாகச் சொன்னார், விலை சரிந்தது.

2. 2021 நவம்பரில் ஒரு பிட்கொயின் ஏறத்தாழ 69,000 டொலர். ஓராண்டில் 17,000க்கும் கீழ். 2024 டிசம்பரில் 100,000ஐத் தாண்டியது. உச்சத்தில் வாங்கியவர் இரண்டு வருடத்துக்கு மேல் பொறுத்திருக்க வேண்டியிருந்தது. நட்டஈட்டுப் பணத்தை நம்பியிருக்கும் குடும்பம் அவ்வளவு காலம் பொறுக்குமா?

3. இலாபக் கதை நம் காதுக்கு வரும்போது விலை பெரும்பாலும் ஏறி முடிந்திருக்கும். முன்பு வாங்கியவர் நமக்கு விற்றுவிட்டுப் போவார்.

இந்தப் பேச்சை வைத்து ஏமாற்றுவோரும் உண்டு. ஸ்போர்ட்ஸ் செயின், எம்.டி.எஃப்.இ. இரண்டையும் இலங்கை மத்திய வங்கி 2023இல் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களாக அறிவித்தது.

கலந்துரையாடுவோம்:
அ. செய்தி சொல்பவருக்கு அதனால் என்ன வருமானம்?
ஆ. போட்ட பணம் கால்வாசியானால், அடுத்த போகத்துக்கு விதை வாங்க எது மிஞ்சும்?