எமர்ஜென்சியில் ஏன் இவ்வளவு நேரம் காக்க வைக்கிறார்கள்?

கேள்வி: வயிற்று வலி என்று இரவு பத்து மணிக்கு அப்பாவை ஓர் அரசு மருத்துவமனையின் எமர்ஜென்சிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பார்க்கும்போது மணி ஒன்று. எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள்கூட முன்னால் போனார்கள். சளி, காய்ச்சல் என்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்பினால் இந்தக் கூட்டம் குறையாதா, டாக்டர்?
— ஒரு வாசகி, பத்துமலை

பதில்: ஒரு கேள்வி என்று சொல்லி இரண்டு கேட்டுவிட்டீர்கள், அம்மா. முதலாவது சுலபம். உள்ளே நுழைந்ததும் கவுண்டரில் ஓர் உதவி மருத்துவ அதிகாரி அப்பாவின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டி, கையில் பட்டை சுற்றி, நாலு கேள்வி கேட்டிருப்பார். அதற்குப் பெயர் ட்ரியாஜ். யாரைத் தாமதித்தால் உயிருக்கு ஆபத்து என்று தரம் பிரிப்பது. நம் ஊரில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். நெஞ்சு வலி என்று ஒருவர் வந்தால் பத்து நிமிடத்துக்குள் அவருக்கு ஈசிஜி எடுத்தாக வேண்டும். இதயத்தின் மின்னோட்டத்தைக் கோடாக வரைந்து காட்டும் சோதனை அது. அவர் உங்களைத் தாண்டிப் போனால், விதிப்படிதான் போகிறார்.

இரண்டாவது கேள்விதான் சுவாரஸ்யம். ஒரு வெள்ளி கட்டினால் போதும் என்பதால் இருமலுக்கும் தும்மலுக்கும் எமர்ஜென்சிக்கு ஓடி வருகிறார்கள், அதனால்தான் நெரிசல் என்று காப்பிக் கடையிலிருந்து நாடாளுமன்றம் வரை எல்லாரும் சொல்கிறோம். கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 110 அவசரப் பிரிவுகளின் பதிவுகளை எடுத்து இதைச் சோதித்தே பார்த்தார்கள். 2007இல் வந்த முடிவு இது: எட்டு மணி நேரத்தில் சாதாரண நோயாளிகள் பத்துப் பேர் கூடுதலாக வந்தால், மற்றவர்கள் முதல்முறை டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் நேரம் சராசரியாக இரண்டு நிமிடம்தான் கூடுகிறது.

ஏன் அவ்வளவு குறைவு? தொண்டை வலிக்காரருக்கு ஒரு நாற்காலியும் ஐந்து நிமிடமும் போதும். அவர் கட்டிலைப் பிடித்து வைப்பதில்லை. ஒண்டாரியோ கணக்கை அப்படியே கிள்ளானுக்குப் பொருத்த முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே டாக்டர் பச்சையையும் மஞ்சளையும் மாறி மாறிப் பார்க்கும் இடங்களில் சளிக்காரரும் கொஞ்சம் இழுத்தடிப்பார்தான். 2023இல் நம் சுகாதார அமைச்சு சில கிளினிக் கெசிஹாத்தான்களை, அதாவது அரசு சுகாதாரக் கிளினிக்குகளை, இரவிலும் திறந்து வைத்தது நல்ல காரியமே. ஆனால் அதை மட்டும் வைத்து நெரிசல் தீராது.

சரி, கட்டிலைப் பிடித்து வைப்பது யார்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மஞ்சள் பகுதியில் 20 கட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் நாலு மணி நேரத்தில் வெளியேறினால் ஒரு நாளில் 120 பேரைப் பார்க்கலாம். அதில் எட்டுக் கட்டிலில், சிகிச்சை முடிந்து வார்டுக்குப் போக வேண்டியவர்கள் இடமில்லாமல் நாள் முழுக்கப் படுத்திருந்தால்? மிச்சம் 12 கட்டில், 72 பேர். வருகிறவர்கள் ஒருவர்கூடக் கூடவில்லை, ஆனாலும் 48 பேர் வெளியே நாற்காலியில். மருத்துவர்கள் இதை ‘அக்ஸஸ் பிளாக்’ என்பார்கள்: வார்டில் இடமில்லாததால் அவசரப் பிரிவில் ஏற்படும் அடைப்பு. தைப்பூசத்தன்று உங்கள் ஊரில் 272 படி ஏறியவர்கள் இறங்காமல் குகையிலேயே நின்றுவிட்டால், கீழே எத்தனை வாசல் திறந்து என்ன பயன்?

இது வெறும் அசௌகரியமும் இல்லை. இங்கிலாந்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2022இல் ஓர் ஆய்வு வெளியானது. அவசரப் பிரிவுக்கு வந்து ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு மேலாகியும் வார்டுக்குப் போகாதவர்களில், 82 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஒரு மாதத்துக்குள் கூடுதல் மரணம் காணப்பட்டது. அவசரப் பிரிவின் தாதியர் புதிதாக வருகிறவர்களையும் பார்த்துக்கொண்டு வார்டு நோயாளிகளையும் பார்க்க வேண்டியிருப்பதை நினைத்தால் எனக்கு இது ஆச்சரியமாக இல்லை.

அதனால்தான் இப்போது ஆராய்ச்சியாளர்களின் பார்வை வார்டின் பக்கம் திரும்பியிருக்கிறது. பதினோராவது மலேசியத் திட்டக் காலத்தில் (2016–2020) நம் மருத்துவமனைகளில் ‘லீன்’ முறையை விரிவுபடுத்தினார்கள். டொயோட்டா கார் ஆலையில் பிறந்த முறை அது. எந்த வேலை எங்கே வீணாகக் காத்துக் கிடக்கிறது என்று தேடிப்பிடித்து அகற்றுவது. வார்டில் தேடினால் அகப்படுவது பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள்தான். காலைச் சுற்றில் டாக்டர் “வீட்டுக்குப் போகலாம்” என்பார். கடிதம் தயாராக மதியமாகும். மருந்து வர மூன்று மணி. பிள்ளைகள் வேலை முடிந்து, பெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து வந்து சேர இரவு ஏழு. அதுவரை அந்தக் கட்டிலுக்காகக் கீழே ஒருவர் ஸ்ட்ரெச்சரில் கிடப்பார். கட்டிலும் ஆளும் கூட்டுவது அரசின் வேலை. அதற்கு மாற்று கிடையாது.

உங்களால் முடிந்ததும் உண்டு. காத்திருக்கும்போது அப்பாவுக்கு வலி கூடினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, பேச்சு குழறினாலோ உடனே ட்ரியாஜ் கவுண்டரில் போய்ச் சொல்லுங்கள். நிறத்தை மாற்றும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. கூச்சப்படாதீர்கள். அடுத்த முறை அப்பாவுக்கு வார்டில் இருந்து டிஸ்சார்ஜ் என்று சொன்னால், முடிந்தால் மத்தியானத்துக்குள் வந்து அழைத்துப் போங்கள்.