பாட்டின் சொந்தக்காரர் யார்?

சென்ற ஆண்டு கலைத் திருவிழாவின் நாட்டுப்புறப் பாடல் போட்டிக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒரு குழுவைத் தயார் செய்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஓர் அம்பாப் பாட்டைக் கொண்டுவந்தாள். கரைவலை இழுக்கும்போது எல்லாருடைய கையும் மூச்சும் ஒன்றுசேர்வதற்காக ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடும் பாட்டு அது. தன் தாத்தா பாடக் கேட்டு நான்கு நாள் உட்கார்ந்து நோட்டில் எழுதியிருந்தாள். அவள் குரல் சற்றுக் கரகரப்பு. அதனால் நன்றாகப் பாடும் வேறு இருவரை மேடையேற்றினேன். சில அடிகளைச் சுருக்கினேன். மெட்டையும் கொஞ்சம் திருத்தினேன். பரிசு கிடைத்தது. மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பாடியவர்களின் பெயரும், பயிற்சி தந்தவர் என்று என் பெயரும் வாசிக்கப்பட்டன. எல்லாரும் கைதட்டினார்கள்.

மதிய இடைவேளையில் அந்த மாணவி வந்தாள். "டீச்சர், எங்க தாத்தா பேர யாருமே சொல்லலியே" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். தன் பெயரும் விடுபட்டதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

என் தவற்றை எப்படிச் சரிசெய்வது என்று யோசித்தபோது, அதையே ஒரு பாடமாக்கலாம் என்று தோன்றியது. மாணவர்கள் அனைவருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாடலை எடுத்துக்கொண்டேன். அது 'எஞ்சாயி எஞ்சாமி'.

பாடலின் பின்னால் இருக்கும் கடல்

2021 மார்ச் 7 அன்று 'மாஜா' என்னும் இசைத்தளத்தின் வழியாக யூடியூபில் இப்பாடல் வெளியானது. பாடியவர்கள் தீயும் அறிவும். தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். காட்சிகளை இயக்கியவர் அமித் கிருஷ்ணன். எந்தத் திரைப்படத்திலும் இடம்பெறாத தனிப்பாடல் இது. திரைப்படத்தின் தோளில் ஏறாமல் ஒரு தமிழ்ப்பாடல் கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டதும், தமிழே தெரியாதவர்கள் அதற்கு ஆடியதும் அதற்குமுன் அரிதாகவே நடந்தவை.

"இந்தப் பாட்டு எதைப் பற்றியது?" என்று வகுப்பில் கேட்டேன். "ஜாலியான பாட்டு டீச்சர்", "இயற்கையைப் பத்தி", "விவசாயம்" என்று பதில்கள் வந்தன. வள்ளியம்மாள் யார் என்று கேட்டபோது ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் அறிவின் பாட்டி. இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, பிறகு தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர். பாடலில் அவர் பெயர் வருகிறது. காட்சியில் அவரே அமர்ந்திருக்கிறார். துள்ளலான தாளத்துக்கு நடுவே ஒப்பாரியின் சாயல் வருவது ஏன் என்பதும் அப்போதுதான் மாணவர்களுக்குப் புரிந்தது.

அங்கிருந்து எங்கள் ஊருக்கு வந்தோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் தமிழ்நாட்டு ஏழை மக்களை முதலில் காப்பித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் இலங்கைக்குக் கொண்டுபோனார்கள். 1914-இல் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் வழி திறக்கப்படும்வரை, சென்னையிலிருந்து ரயிலில் வந்தவர்கள் கொழும்புக்குக் கப்பல் ஏறிய இடம் தூத்துக்குடி. 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் கப்பல்கள் ஓடியதும் இதே கடல்வழியில்தான். 1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. தாங்கள் நட்டு வளர்த்த தோட்டத்தில் ஒரு பிடி மண்கூடச் சொந்தமில்லாமல் அவர்கள் திரும்பினார்கள். வள்ளியம்மாளின் கதை அந்த வரலாற்றின் ஒரு துளி.

பெயர்ப் பட்டியல்

அடுத்த பாடவேளையில் கரும்பலகையில் ஏழு சொற்களை எழுதினேன்: நினைவு, சொல், மெட்டு, இசைக்கோப்பு, குரல், காட்சி, வெளியீடு. ஒரு பாடல் நம் காதுக்கு வந்துசேர இந்த ஏழும் வேண்டும். ஒவ்வொரு குழுவும் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, "எங்கள் வேலை இல்லாவிட்டால் பாட்டே இல்லை" என்று வாதாட வேண்டும். வகுப்பு சூடுபிடித்தது.

பிறகு உண்மையில் நடந்ததைச் சொன்னேன். 2021 ஆகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டையில் இப்பாடலையும் வேறொரு பாடலையும் குறித்து வந்த படத்தில் அறிவு இடம்பெறவில்லை. கேள்விகள் எழுந்தபின் அறிவின் படத்தோடு தனியாக ஓர் அட்டை வெளிவந்தது. 2022 ஜூலையில் சென்னையில் நடந்த 44-வது செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில், தீயுடன் கிடாக்குழி மாரியம்மாள் சேர்ந்து இப்பாடலைப் பாடினார். அறிவு அங்கு இல்லை. பாடலின் சொல்லும் மெட்டும் தன் உழைப்பில் பிறந்தவை என்று சில நாட்களில் அறிவு எழுதினார். பாடலுக்கான எண்ணம் தீயிடமிருந்து வந்தது, இசையமைத்தது தான், வருவாயும் உரிமையும் மூவருக்கும் சமம், அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்று சந்தோஷ் நாராயணன் விளக்கினார். அறிவின் பங்கை எப்போதும் உயர்த்தியே பேசிவந்திருப்பதாகத் தீயும் எழுதினார். 2024 மார்ச்சில், மூன்றாண்டுகளில் தங்கள் மூவருக்கும் இப்பாடலால் எந்த வருமானமும் வரவில்லை என்றார் சந்தோஷ் நாராயணன். வெளியீட்டுத் தரப்பு அதை மறுத்தது.

இந்த இடத்தில் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாம் தீர்ப்புச் சொல்லக் கூடாது. யார் என்ன சொன்னார் என்பதை மட்டும் வைத்தால் போதும். மாணவர்கள் பிரிந்து நின்று பேசுவார்கள், பேசட்டும். என் வகுப்பில் ஒரு மாணவன், "டீச்சர், மூணு பேரைப் பத்தியே பேசுறோம். வள்ளியம்மா பாட்டிக்கு என்ன பங்கு?" என்று கேட்டான். 'நினைவு' என்ற சொல்லை எடுத்த குழு எழுந்து நின்று கைதட்டியது.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஒரே பாட்டைப் பல துண்டுகளாகப் பார்க்கிறது. வரிகளுக்கு உரிமையாளர் பாடலாசிரியர், இசைக்கு இசையமைப்பாளர், ஒலிப்பதிவுக்குத் தயாரிப்பாளர், பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை. படைத்தவர் தன் உரிமையை விற்றுவிட்டாலும், 'இது என் படைப்பு' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அவரிடமே இருக்கும். 2012-ஆம் ஆண்டின் திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிய பங்குத்தொகையைப் பாதுகாத்தது.

இதன் அருமை புரிய ஓர் எடுத்துக்காட்டு. தென்னாப்பிரிக்காவின் சாலமன் லிண்டா 1939-இல் 'ம்பூபே' என்ற பாடலைப் பதிவு செய்தார். மிகச் சிறு தொகைக்கு உரிமை கைமாறியது. அந்த மெட்டு வேறு பெயரில் உலகைச் சுற்றி, 'லயன் கிங்' படம்வரை வந்தது. லிண்டா 1962-இல் வறுமையில் இறந்தார். அவருடைய மகள்கள் வழக்காடி 2006-இல்தான் ஓர் உடன்பாட்டை எட்டினார்கள்.

ஆனால் எழுதியவர் பெயரே தெரியாத அம்பாப் பாட்டுக்கு இந்தச் சட்டத்தில் ஒரு கட்டம் இல்லை. அங்கே நம்மிடம் இருப்பது நன்றியுணர்வு மட்டும்தான். எங்கள் ஊரில் முத்துக்குளித்தபோது ஒருவர் மூழ்குவார். மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். சிப்பியில் அவருக்கும் பங்கு உண்டு. பெயருக்கும் அந்தக் கணக்கு வேண்டாமா?

வகுப்பறையில் செய்யக்கூடியவை

ஆண்டுவிழாப் பாட்டு, நாடகம், சுவரிதழ், அறிவியல் கண்காட்சி என எதைச் செய்தாலும் முடிவில் ஒரு பெயர்ப் பட்டியல் எழுதச் சொல்லுங்கள். 'செய்தவர்' என்று ஒரே வரியில் முடிக்காமல், எண்ணம் தந்தவர், தகவல் சொன்னவர், எழுதியவர், மேடையில் நின்றவர் எனப் பிரித்து எழுதட்டும். நாட்டுப்புறப் பாடல் என்றால் யாரிடம் கேட்டது, எந்த ஊர், எந்த வேலையின்போது பாடுவது என்ற மூன்றையும் கேளுங்கள். பட்டியலை எழுதும்போதே, பேசாமல் உழைக்கும் பிள்ளைகள் நம் கண்ணுக்குத் தெரிவார்கள்.

பாடம் முடிந்த வாரம் அந்த மாணவியின் தாத்தாவைப் பள்ளிக்கு அழைத்தோம். காலைக் கூட்டத்தில், அவரையும் அவர் பேத்தியையும் விட்டுவிட்டது என் பிழை என்று எல்லார் முன்னும் சொன்னேன். அவர் என்னைச் சங்கடப்பட விடவில்லை. "இது எம் பாட்டு இல்லம்மா. எங்க அப்பா பாடும்போது கேட்டது. வலை இழுத்த எல்லாரும் சேந்து பாடுனது" என்றார். பிறகு நான் சுருக்கிவிட்ட அடிகளையும் சேர்த்து, நான் திருத்தாத மெட்டில் பாடினார். அவர் எடுத்துக்கொடுக்க, பேத்திதான் முதலில் வாங்கிப் பாடினாள். கரகரத்த குரல்தான். இரண்டாவது அடியிலிருந்து பள்ளி முழுவதும் சேர்ந்துகொண்டது.

பள்ளிப் பலகையில் இப்போது இப்படி எழுதியிருக்கிறோம்: பாட்டு – வலை இழுத்தவர்கள், நினைவில் வைத்தவர் – தாத்தா, எழுதியவர் – பேத்தி, பாடியவர்கள் – இருவர். என் பெயரைக் கடைசியில் மாணவர்களே சேர்த்தார்கள்: 'பிழை திருத்தியவர்'. மெட்டைச் சொல்கிறார்களா, என்னைச் சொல்கிறார்களா என்று நான் கேட்கவில்லை.