வயல் வேலையில் தொடுதிரை

உழவர் பெருமக்கள் பலரிடம் இன்று தொடுதிரைக் கைப்பேசி உள்ளது. தமிழ்நாடு அரசு 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட உழவன் செயலியின் வாயிலாக மானியத் திட்டங்கள், விதை, உர இருப்பு, சந்தை விலை, வானிலை ஆகியவற்றை அறியலாம். பயிற்சிக்கும் இக்கருவி ஏற்றது. இலைப்பேன் தாக்கிய இலையின் படத்தை இரு விரல்களால் விரித்துப் பெரிதாக்கி, தம் வயலில் பறித்த இலையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வாசிக்கத் தயங்கும் பெரியவர்களும் இதை விரைவில் பழகிக்கொள்வர்.

ஆனால் பயிற்சிக் கூடத்தில் ஒழுங்காக இருந்த திரை, வயலில் முரண்டு பிடிப்பதேன்? 1972-இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் கற்பிக்க வைத்த தொடுதிரையில், கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடின. அவற்றை விரலோ குச்சியோ எது மறித்தாலும் போதும். இன்றைய கைப்பேசி அப்படியன்று. கண்ணாடிக்கு அடியில் மெல்லிய மின்புலம் உள்ளது. நம் உடல் மின்சாரத்தைக் கடத்துவதால், விரல் பட்ட இடத்தில் அது மாறுகிறது. நகமும், காய்ந்த குச்சியும், தடித்த ரப்பர் கையுறையும் இவ்வாறு கடத்துவதில்லை. நீரோ கடத்தும்; ஆகவே மழைத்துளியையும் வியர்வையையும் திரை விரலென்றே எண்ணிவிடும்.

இதனால் கணக்கு தவறலாம். லிட்டருக்கு 0.3 மி.லி. கலக்கவேண்டிய மருந்துக்கு 10 லிட்டர் தெளிப்பானில் 3 மி.லி. போதும். ஈரவிரல் பட்டு புள்ளி பதியாமற்போனால் திரை 30 மி.லி. என்று காட்டும். பயிர் கருகும், காசும் விரயம். எனவே அளவை வீட்டிலேயே பார்த்து, மருந்துப் புட்டியின் சீட்டோடு சரிபார்த்து, தாளில் எழுதி எடுத்துச் செல்க.

இதைவிடக் கவலை தருவது கையுறை. தெளிக்கும்போது அழைப்பு வந்தால், திரை ஏற்காத கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றுவோர் உண்டு. நஞ்சு நேரே வாய்க்குப் போகிறது. மருந்து பட்ட கையால் தொட்ட கைப்பேசியோ காதுக்கும் கன்னத்துக்கும் போய், மாலையில் குழந்தையின் கைக்கும் வருகிறது. தெளித்து முடியும்வரை கைப்பேசியைக் கரையில் நிழலில் வைத்துவிடுதல் நலம். எடுத்தே ஆகவேண்டுமெனில், முன்கூட்டியே மெல்லிய பாலித்தீன் பையில் போட்டுக் கட்டிவைக்கவும். பையின் மேலேயே தொட்டாலும் திரை வேலை செய்யும். கையுறையைக் கழற்றி, சோப்பிட்டுக் கைகழுவி, ஈரம் துடைத்த பின்னரே தொடவேண்டும். வீடு திரும்புமுன் பையை அகற்றிவிடுக. அதை மறுபடி பயன்படுத்தலாகாது.