எல்லாருக்கும் ஒரே கார் என்றால்

அன்புள்ள கயல்விழிக்கு மாமா எழுதுவது.

உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். "ஃபார்முலா 4 காரோட சேசிஸ் பிரான்ஸ்லேர்ந்து வருது, எஞ்சினும் அங்கேருந்துதான். எதையும் மாத்தக் கூடாதுன்னு ரூல் வேற. எல்லாருக்கும் ஒரே கார்னா, அதுல எஞ்சினியருக்கு என்ன மாமா வேலை?" என்று கேட்டிருந்தாய். பெரம்பலூரில் மெக்கானிக்கல் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண் கேட்க வேண்டிய கேள்விதான். போனில் பதில் சொன்னால் நீ பாதியில் "சரி மாமா, சரி மாமா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

நீ சொன்ன விவரம் சரி. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் ஓடியதே இந்திய ஃபார்முலா 4, அந்தக் கார்கள் எல்லாம் மைகேல் என்ற பிரெஞ்சுக் கம்பெனி செய்தவை, எஞ்சின் ஆல்பைன். டீமுக்கு டீம் பெயின்ட்டும் ஸ்டிக்கரும்தான் வேறு. ஆனால் அதிலிருந்து நீ எடுத்த முடிவு தப்பு. கையில் காசு இருக்கிறவன் நல்ல கார் வாங்கி ஜெயிக்கக் கூடாது, நன்றாக ஓட்டுகிறவன் ஜெயிக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஒரே மாதிரிக் கார் வந்தது. அதே நோக்கத்தில்தான் அமெரிக்காவில் 1960களின் தொடக்கத்தில் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் பாகங்களை வைத்து ஃபார்முலா வீ செய்தார்கள். இங்கிலாந்தில் 1967இல் ஃபார்முலா ஃபோர்டு. சாதாரணக் குடும்பக் காரின் எஞ்சின், விலைக்கும் ஒரு உச்சவரம்பு. வரம்புக்குள் ஒரு நல்ல ரேஸ் கார் செய்வது, வரம்பே இல்லாமல் செய்வதைவிடக் கஷ்டம் என்பது என் அபிப்பிராயம்.

நம் ஊர்க் கதையும் அதுதான். சோழவரம் விமான ஓடுபாதையில் ரேஸ் நடந்த காலத்தில், வெளிநாட்டிலிருந்து பழைய ரேஸ் கார் தருவித்தவர்கள் ஒரு பக்கம், பியட்டையும் ஹெரால்டையும் ட்யூன் பண்ணிக்கொண்டு வந்தவர்கள் இன்னொரு பக்கம். இங்கே கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் என்றொருவர் இருந்தார். தொழிலதிபர், தானே ரேஸ் ஓட்டியவர். 1988இல் அவர் வடிவமைத்ததுதான் ஃபார்முலா மாருதி. தெருவில் ஓடுகிற மாருதி 800இன் மூன்று சிலிண்டர் 796 சிசி எஞ்சின், ஒருவர் மட்டும் உட்காரும் கார். ஸ்பேர் பார்ட்ஸ் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். நாராயண் கார்த்திகேயன் தன் முதல் ரேஸை ஓட்டியது அந்தக் காரில்தான். கருண் சந்தோக் 2000இல் அதே வகுப்பில் தேசிய சாம்பியன். ஃபார்முலா ஒன்றுக்குப் போன இந்தியர்கள் இதுவரை இந்த இரண்டு பேர்தான், இருவருமே நம் மாநிலத்துக்காரர்கள். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில் வந்ததுதான். பிறகு இங்குள்ள எல்.ஜி.பி. கம்பெனியின் பெயரில் வந்த ஃபார்முலா கார்களும் மாருதியின் 1300 சிசி எஞ்சினை வைத்து ஓடியவை.

மாருதி மாதிரி முன்சக்கரம் இழுக்கிற காரில் எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் மூன்றும் ஒரே கட்டாக இருக்கும். அந்தக் கட்டை அப்படியே தூக்கி ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால் பின்சக்கரம் தள்ளுகிற ரேஸ் கார் ஆகிவிடும். புதிதாகக் கியர்பாக்ஸ் செய்ய வேண்டாம், வெளிநாட்டில் ஆர்டர் போட வேண்டாம். காசைக் கொட்டித் தீர்க்க வேண்டிய ஒரு பிரச்சினை, யோசித்ததில் தீர்ந்துவிடுகிறது. டிசைன் என்று நான் சொல்வது இதைத்தான்.

இனி என் தொழிலான சேசிஸ் வேலைக்கு வருகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள். 'ஒரே மாதிரி கார்' என்று சொல்வது சுலபம். இருபது சேசிஸை ஒரே மாதிரி செய்து பார். பைப்பில் வெல்டு வைத்ததும் சூடு ஏறி, ஆறும்போது சுருங்கி, தன் பக்கம் இழுக்கும். இடப்பக்கம் முழுக்க முடித்துவிட்டு வலப்பக்கம் போனால் சேசிஸ் வாழைப்பழம் மாதிரி வளைந்து நிற்கும். அதனால் எல்லா ஜாயின்ட்டையும் முதலில் டேக் அடித்து (சின்னப் புள்ளி வெல்டு), அசையாமல் பிடிக்கிற ஜிக்கில் பூட்டியபடி, இங்கே கொஞ்சம் எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு போவோம். சஸ்பென்ஷன் ஆர்ம் மாட்டுகிற காதுகள் நகர்ந்தால் அந்தக் கார் ஒரு வளைவில் நன்றாகத் திரும்பும், மறு வளைவில் முரண்டு பிடிக்கும். ஓட்டுகிற பையனோ பெண்ணோ தன் மேல்தான் குறை என்று நினைத்துக்கொண்டு சீசன் முழுக்கத் தவிக்கும். ஒரே மாதிரிக் கார் என்ற வாக்கைக் காப்பாற்றுவது விதிப்புத்தகம் இல்லை, ஜிக்தான்.

முட்டினால் எது முதலில் வளைய வேண்டும் என்பதையும் டிசைன் பண்ணுகிறவர்தான் முடிவு செய்கிறார். சக்கரத்தில் இடி வாங்கினால் ஆர்ம் வளைய வேண்டும், சேசிஸ் பைப் வளையக் கூடாது. ஆர்மை இரண்டு ரேஸுக்கு நடுவில் கழற்றி மாட்டிவிடலாம். சேசிஸ் போனால் அந்த வாரம் போச்சு. புதுப் பிள்ளைகள் ஓட்டுகிற வகுப்பு இது, தினமும் முட்டுவார்கள். அதனால் ஆர்மை வேண்டுமென்றே அளவோடு பலவீனமாக விடுகிறார்கள். எல்லாப் பாகத்தையும் பலமாகச் செய்வதுதான் நல்ல எஞ்சினியரிங் என்று நினைத்திருந்தால் இன்றோடு விட்டுவிடு.

'எதையும் மாற்றக் கூடாது' என்பதும் முழு உண்மை இல்லை. எஞ்சினுக்கு சீல் உண்டு, பாடியை வெட்டக் கூடாது. ஆனால் டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற அளவு), கேம்பர் (சக்கரத்தின் சாய்வு), டயர் காற்று, விங் உள்ள காரில் விங்கின் கோணம், நாலு சக்கரத்திலும் விழுகிற எடை, இவையெல்லாம் அந்தந்த வகுப்பு விதி அனுமதிக்கும் அளவுக்கு டீமின் கையில்தான் இருக்கிறது. டோ பார்ப்பதை உனக்குச் சொல்கிறேன். சமதளமான இடத்தில் காரை நிறுத்தி, ஓட்டுநர் எடைக்கு சீட்டில் மணல் மூட்டை வைப்பார்கள். காரின் இரு பக்கமும், சக்கர மையத்தின் உயரத்தில், நடுக்கோட்டுக்கு இணையாக நூல் கட்டுவார்கள். ஸ்டீல் ஸ்கேலை வைத்து நூலிலிருந்து ரிம்மின் முன் விளிம்புக்கு எவ்வளவு, பின் விளிம்புக்கு எவ்வளவு என்று படிப்பார்கள். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர், ரெண்டு மில்லிமீட்டர். அதற்குள்தான் கார் நேர்ரோட்டில் அலைவதும், வளைவில் சட்டென்று மூக்கைத் திருப்புவதும் அடங்கியிருக்கிறது. அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு வேலை பார்க்கிற பட்டறைகளில் கண்ணை ஒரு பக்கம் மூடிக்கொண்டு வீல் பார்க்கிற மேஸ்திரிகளைப் பார்த்திருப்பாய். உங்கப்பாவுக்குத் தெரிந்த பட்டறை ஒன்றிரண்டு இருக்கும். லீவில் பத்து நாள் அங்கே போய் உட்கார். ஹெச்.ஓ.டி.யிடம் கற்றுக்கொள்ள முடியாதது சில அங்கே இருக்கிறது.

டயர் விஷயத்தில் நீ கொடுத்துவைத்தவள். உங்கள் நாரணமங்கலத்தில், சென்னை திருச்சி நெடுஞ்சாலை ஓரத்தில், எம்.ஆர்.எஃப். தொழிற்சாலை இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் எம்.ஆர்.எஃப். நடத்திய ஃபார்முலா 2000 தொடரில் இத்தாலியின் டல்லாரா சேசிஸும் ரெனோ எஞ்சினும் இருந்தன, எல்லாருக்கும் ஒரே கார், ஒரே டயர். ஷூமேக்கர் மகன் மிக் அதில் ஓட்டினான். 2019 பிப்ரவரியில் அந்தப் பட்டத்தை ஜெயித்தது ஜேமி சாட்விக், இங்கிலாந்துப் பெண். அந்தத் தொடரை ஜெயித்த முதல் பெண் அவர்தான். உங்கம்மா "பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு" என்று ஆரம்பித்தால் இதைச் சொல்.

டயரை அலட்சியம் பண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு 2005 இண்டியானாபொலிஸ் ஃபார்முலா ஒன் ரேஸ் போதும். சாய்வான வளைவில் மிஷெலின் டயர் தாங்காது என்று தெரிந்து, அந்த டயர் போட்ட 14 கார்களும் வார்ம் அப் சுற்றோடு உள்ளே போய்விட்டன. ஓடியது ஆறே கார். பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஜோர்டானில் இருந்த நம் நாராயண் நாலாவதாக வந்தார். கார் டிராக்கிலிருந்து வந்ததும் டயரில் ஊசி வெப்பமானியைக் குத்தி உள்ஓரம், நடு, வெளிஓரம் என மூன்று இடத்தில் சூடு பார்ப்பார்கள். நடுவில் அதிகம் என்றால் காற்று கூடுதல். உள்ஓரம் ரொம்பவும் அதிகம் என்றால் கேம்பர் கூடுதல். இதைக் குறித்துக்கொண்டு வருகிற பிள்ளைக்கு எந்த டீமிலும் இடம் உண்டு. குறிக்காமல் செல்ஃபி எடுக்கிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

உங்கள் காலேஜில் ஃபார்முலா பாரத்துக்கு டீம் கட்டுகிறார்கள் என்றாயே, சேர்ந்துவிடு. பல வருஷமாக இங்கே கரி டிராக்கில் நடக்கிற, மாணவர்கள் தாங்களே கார் செய்து ஓட்டுகிற போட்டி. அங்கே ஒரே மாதிரிக் கார் கிடையாது, ஆனால் வரம்பு உண்டு. எஞ்சின் 710 சிசிக்கு மேல் கூடாது, பெட்ரோல் என்றால் எஞ்சினுக்குப் போகிற காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் துளை வழியாகத்தான் போக வேண்டும். ஓட்டுநர் 5 விநாடியில் வெளியே குதிக்க வேண்டும். காரை 60 பாகை சாய்த்துப் பார்ப்பார்கள், பிரேக் அடித்தால் நாலு சக்கரமும் பூட்ட வேண்டும். இந்தச் சோதனைகளிலேயே மாட்டிக்கொண்டு டிராக்கைப் பார்க்காமல் ஊர் திரும்புகிற டீம்கள் உண்டு. அவர்களிடம் காற்றோட்டத்தைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்ட சி.எஃப்.டி. படம் கலர் கலராக இருக்கும், விங் இருக்கும், ஓடுகிற கார் இருக்காது. முதல் வருஷம் விங் வேண்டாம் என்று சொல். கேடிஎம் 390 எஞ்சின் ஒன்றை வாங்குங்கள், நேரான சேசிஸ் ஒன்று செய்யுங்கள், போட்டிக்கு ரெண்டு மாசம் முன்னால் கார் ஓட வேண்டும். மீதி நாள் எல்லாம் ஓட்டி, உடைத்து, ஏன் உடைந்தது என்று எழுதி வையுங்கள். ஜட்ஜ்கள் கேட்கிற கேள்வி பெரும்பாலும் 'ஏன்' என்பதுதான்.

வெல்டிங்கை நீயே கற்றுக்கொள். பையன்களிடம் டார்ச்சைக் கொடுத்துவிட்டு ஃபைலை வாங்கிக்கொண்டு உட்காராதே. திருச்சி பெல்லில் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பயிற்சி வகுப்புகள் நடத்துகிறார்கள். உன் ஊரிலிருந்து போய் விசாரித்துவிட்டு அன்றைக்கே திரும்பலாம்.

வேலை பற்றி மறைக்காமல் சொல்கிறேன். இந்தியாவில் ரேஸ் டீமை மட்டும் நம்பி வருஷம் முழுக்கச் சம்பளம் வாங்குகிறவர்கள் சொற்பம். ஆனால் ஜிக் செய்யத் தெரிந்தவர், டயர் படிக்கத் தெரிந்தவர், சஸ்பென்ஷன் டெஸ்ட் பண்ணத் தெரிந்தவர் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கோயம்புத்தூரிலும் வேலை இல்லாமல் உட்கார மாட்டார். ரேஸை ஆசைக்கு வைத்துக்கொள், கைத்தொழிலைச் சோற்றுக்கு வைத்துக்கொள்.

ஃபார்முலா பாரத்தின் இந்த வருஷ ரூல் புக்கை இறக்கிப் பிரின்ட் எடு. ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் அது ஏன் வந்தது என்று பென்சிலில் எழுது. தெரியாததை வட்டம் போட்டு வை. லீவுக்கு இங்கே வந்ததும் உட்கார்ந்து பேசலாம். உங்கம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். வரும்போது ஷூ போட்டுக்கொண்டு வா, செருப்போடு வந்தால் ஷெட்டுக்குள் விடமாட்டேன்.

அன்புடன்,
மாமா